பொறி கைவிடும் வேளை

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்குவார்க்கு முதலில் கண்ணிற்படுவன, வாளிச் சக்கரம் பூண்ட பெரும்பொறிகளும், அவை அகழ்ந்து தரும் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்தோடும் நீண்ட பட்டைகளுமே ஆகும். 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு தொடங்கிவைத்த சுரங்கப் பணி இன்று இரவு பகல் ஓய்வின்றி நடைபெறுகின்றது. நின்றிருந்த பட்டை ஒன்று மீண்டும் ஓடத் தொடங்குமுன் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். ஒலித்துச் சிறிது நேரம் கழிந்த பின்னரே பட்டை நகரும். அருகே பணிபுரிவோர் விலகிக்கொள்ளும் பொருட்டு அமைந்த ஏற்பாடு அது. ‘பொறி வேலையைத் தொடங்கப் போகிறது’ என்பதே அவ்வொலியின் பொருள்.

இதற்கு மறுதலையான எச்சரிக்கை ஒன்றும் இக்காலத்தில் வேண்டப்படுகின்றது. ‘பொறி வேலையை விடப் போகிறது, இனி நீயே பார்த்துக்கொள்’ என்று மனிதனுக்கு அறிவிக்கும் எச்சரிக்கை அது. சாலையிற் செல்லும் கார்களுக்கு ஓட்டுதற்றுணை செய்யும் பொறிகள் வந்துவிட்டமையால் இத்தேவை எழுந்தது.

இத்துணைப்பொறி செய்வது யாது? காரின் முன்புறக் கண்ணாடியருகே கேமரா ஒன்று அமைந்து சாலைக் கோடுகளை நோக்கிக்கொண்டே இருக்கும். முன் செல்லும் வண்டியின் தொலைவை ராடார் அளந்து கூறும். இவ்விரண்டும் தரும் செய்தியைக் கொண்டு, ஒரு கணிப்பொறி ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பியும், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வண்டியை இரு கோடுகளுக்கு நடுவே செலுத்தும். மஹிந்திரா நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்யூவி 700 என்னும் காரில் இத்தகைய துணை இடம்பெற்றது. ஆயினும் அதில் ஓட்டுநர் கையை எடுத்துவிட இயலாது. எடுத்தால் பொறி நினைவூட்டும். கையை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் சாலையில் வைத்திருக்க இசைவு தரும் கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017ஆம் ஆண்டிலும், ஃபோர்டு நிறுவனம் 2021ஆம் ஆண்டிலும் அமெரிக்கச் சாலைகளுக்குக் கொணர்ந்தன. அவற்றில் ஓட்டுநரின் முகத்தை நோக்கும் கேமராவும் உண்டு.

வலவன் செலுத்தாமலே விண்ணிற் செல்லும் ஊர்தி ஒன்றைப் புறநானூற்றுப் பாடல் குறிப்பிடுகின்றதே என்று மாணவர் வினவலாம். குறிப்பிடுவது உண்மையே. ஆனால் அவ்வூர்தியில் ஏறுவோர் தம் கடமையெல்லாம் முடித்து இவ்வுலகை நீத்தவர். இடைவழியில் ஊர்தி கைவிடுமோ என்ற கவலை அவர்க்கு இல்லை. நெய்வேலியிலிருந்து பண்ணுருட்டி செல்வோர்க்கு அக்கவலை உண்டு.

ஏனெனில் துணைப்பொறி எவ்விடத்தும் துணை நிற்பதில்லை. கோடு அழிந்த இடத்திலும், பெருமழையிலும், மாலைக் கதிரவன் கேமராவின் எதிரே நிற்கும் வேளையிலும், சாலைப் பணிக்காக வழி மாற்றிய இடத்திலும் அதன் பார்வை தடுமாறும். விக்கிரவாண்டியிலிருந்து நெய்வேலி வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் நம் மாவட்டத்துச் சாலைகளின் ஓரத்தில் நெல்லும் எள்ளும் காயக் கிடப்பதுண்டு; அவற்றின்கீழ் வெள்ளைக் கோடு மறைந்துவிடும். மனிதன் அதைக் கண்டு புன்னகைத்து விலகிச் செல்வான். பொறிக்கோ கோடு இல்லையேல் சாலையே இல்லை. அந்நிலையில் அது தன் பிடியை விட்டுவிடும்.

விடுவது குற்றமன்று, தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிப்பதினும் விட்டு விலகுவது மேலே. சொல்லாமல் விடுவதே குற்றம். மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து சக்கரத்தைப் பற்றுதற்கு நான்கு விநாடி ஆகுமாயின், அதற்குள் 100 மீட்டர் ஓடிவிடும். அந்நூறு மீட்டரும் வலவனின்றியே கழியும்.

‘ஓட்டுநர் விழிப்பாக இருந்தால் போதுமே’ என்பார் உளர். எளிதாகச் சொல்லிவிடலாம், செய்தல் அரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராடார்த் திரையை நோக்கியிருந்த வீரர்கள் நேரம் செல்லச் செல்லக் குறிகளைக் காணத் தவறினர். மாக்வொர்த் என்னும் ஆங்கில உளநூலறிஞர் இதனை ஆராய்ந்தார். கடிகார முள் போன்ற ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அது எப்போதேனும் இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டு சொல்லுமாறு பணித்தார். முதல் அரைமணி கழிந்ததுமே பலருடைய கவனம் தளர்ந்தது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு, வேலையின்றி வெறுமனே காவலிருத்தல் மனித மனத்திற்கு ஒவ்வாதது என்று காட்டிற்று. கையை எடுத்துவிட்ட ஓட்டுநர் செய்வதும் அத்தகைய காவலே அன்றோ?

கார்களுக்கு முன்னரே இவ்விடரைக் கண்டது வானூர்தி. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமிக்குச் சென்ற ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் இறங்க முற்பட்டபோது, முன்சக்கரம் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானத்தை 2000 அடி உயரத்திற்கு ஏற்றி, தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, அனைவரும் அவ்விளக்கை ஆராய முற்பட்டனர். ஒருவர் சக்கரத்தைக் கண்ணாற் காணும்பொருட்டுக் கீழறைக்குச் சென்றார். இதனிடையே விமானத் தலைவரின் உடல் ஓட்டுகோலின்மேல் தற்செயலாகச் சற்று அழுந்தியிருக்க வேண்டும் என்பர். உயரத்தைக் காத்துநின்ற தானியங்கி அப்பணியை விட்டுவிட்டது. விட்டதை உணர்த்தும் பேரொலி எதுவும் எழவில்லை. விமானம் மிக மெல்லத் தாழலாயிற்று. 250 அடி தாழ்ந்ததும் ஒரு மணியோசை மெல்ல எழுந்து அடங்கியது. அது எழுந்தது பொறியாளர் இருக்கையின் பக்கம்; அவ்விருக்கைக்கு உரியவரே கீழறைக்குச் சென்றவர். வெளியே சதுப்பு நிலத்தின் இருள். கண்ணுக்கும் அடையாளம் இல்லை. விமானம் அச்சதுப்பில் வீழ்ந்தது. 101 பேர் மாண்டனர். சக்கரமோ முறையாகவே இறங்கியிருந்தது. பழுதானது விளக்கு ஒன்றே.

இவ்விபத்தைப் படிக்கும்போதெல்லாம் அம்மணியோசையே என் நினைவில் நிற்கின்றது. ஒலி இருந்தது, கேட்க வேண்டிய செவி அங்கு இல்லை.

ஒலி உரக்க எழுந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கி விலகியது, விலகியதை ஒலியெழுப்பிச் சொல்லவும் செய்தது. ஆனால் நள்ளிரவில், அட்லாண்டிக் பெருங்கடலின்மேல், திடீரென விமானத்தைக் கையேற்ற விமானிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கவில்லை. அடுத்தடுத்து எழுந்த எச்சரிக்கைகள் தெளிவினும் குழப்பத்தையே மிகுவித்தன. நான்கரை நிமிடத்திற்குள் 228 பேருடன் விமானம் கடலில் வீழ்ந்தது. ‘நான் போகிறேன்’ என்று பொறி சொல்லிற்று. ஏன் போகிறது, அடுத்துச் செய்யத்தக்கது யாது என்பதை அவர்கள் அறியுமாறு சொல்லவில்லை.

ஆகவே இக்காலக் கார்களில் எச்சரிக்கையைப் படிப்படியாக அமைக்கின்றனர். ஜெனரல் மோட்டார்ஸ் காரில் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல்விளிம்பில் விளக்குப் பட்டை ஒன்று உண்டு. அது பச்சையாயின் பொறி ஓட்டுகிறது; சிவப்பாயின் மனிதன் உடனே பற்ற வேண்டும். இருக்கையும் அதிர்ந்து உணர்த்தும். ஃபோர்டு நிறுவனமோ நீல நிறத்தையும் சொற்களையும் கையாண்டது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதார்க்கும் விளங்க வேண்டும் என்பது கருத்து. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தைக் காக்கும் எச்சரிக்கைகள் போதா என்னும் காரணத்தால், அமெரிக்காவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. கண்ணையும் சாலையிலிருந்து எடுக்க இடந்தரும் பொறிகளுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் குழு 2020ஆம் ஆண்டில் வகுத்த விதி இன்னும் கடுமையானது. ‘பொறுப்பை ஏற்றுக்கொள்’ என்று பொறி ஓட்டுநரை அழைக்க வேண்டும். அவர் பத்து விநாடியாகியும் ஏற்காராயின், எச்சரிக்கை விளக்குகளை மினுக்கிக்கொண்டு வண்டியைத் தானே மெல்ல நிறுத்த வேண்டும். விலகுவதற்கும் முறை உண்டென்று பொறிக்குக் கற்பித்த விதி இது.

நம் சாலைகளுக்கு இவ்வேற்பாடுகள் அவ்வாறே பொருந்துமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. பின்னால் வரும் பேருந்து விடாது ஊதுகின்றது. காரினுள் திரைப்பாடல் முழங்குகின்றது. பின்னிருக்கையில் குழந்தைகள் சண்டையிடுகின்றனர். இத்துணை ஓசைக்கிடையே ஒரு மெல்லிய மணி யார் செவியில் விழும்? அன்றி, இருசக்கர வண்டி ஒன்று குறுக்கிடும்போதெல்லாம் பொறி கூவுமாயின், ஓட்டுநர் நாளடைவில் அதனைப் பொருட்படுத்தார். சிலர் அதன் வாயையே அடைத்துவிடுவர். இங்கு இருக்கை அதிர்வும் சக்கர அதிர்வும் ஒலியினும் மிகுந்த பயன் தரும் என்றே தோன்றுகின்றது.

இதுவரை கண்டவை பொறி மனிதனை அழைக்கும் வகைகள். நம் ரயில் இன்ஜின்களில் உள்ள விழிப்புக் கருவி அழைப்பதோடு அமையாது. ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்பதை ஓயாது சோதித்துக்கொண்டே இருக்கின்றது. விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி வழியாகக் கடலூர் செல்லும் பாதையிலும் இத்தகைய இன்ஜின்கள் ஓடுகின்றன. ஓட்டுநர் வேகத்தை மாற்றியோ, ஊதலை ஒலித்தோ, அதற்கென அமைந்த பொத்தானை அழுத்தியோ ஏதேனும் ஒரு செயல் செய்துகொண்டிருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாதிருப்பின் முதலில் ஒரு விளக்கு மினுங்கும். சில விநாடிகள் பொறுத்து ஒலி எழும். அவர் பொத்தானை அழுத்தினால் கருவி அடங்கி, மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அழுத்தாராயின் மேலும் சில விநாடிகளில் பிரேக் தானே பிடித்துக்கொள்ள, வண்டி நின்றுவிடும்.