மூன்றாம் சுற்றை மனசில் ஓடுங்கள்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் பெரம்பலூர் எம்.ஜி.ஆர். மைதானத்திலும் அரியலூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் விடியுமுன்னே கூட்டம் சேர்ந்துவிடும். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள்கூட 1500 மீட்டர் ஓட்டத்தில் தவறிவிடுகிறார்கள். ஆண்களுக்கு 7 நிமிடம்தான் கெடு. மனசில் நினைத்தால் நடக்கும் என்று யாரோ சொல்ல, தினமும் கண்ணை மூடிக் காக்கிச் சட்டையில் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நிறைய. அதை இன்றோடு விடுங்கள். 1999-இல் அமெரிக்காவில் ஃபாம், டெய்லர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே அதிகம் படித்தார்கள். மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள்.

நீங்களும் ஓடுவதையே கற்பனை செய்யுங்கள். பாயில் படுத்துச் செய்யாதீர்கள், தூக்கம் வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் ஷூவைக் கழற்றாமல் மைதானத்து ஓரத்தில் உட்காருங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடி, முழு ஓட்டத்தையும் உள்ளே ஓடுங்கள். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 நொடி. சினிமாவில் பார்ப்பதுபோல வெளியே நின்று உங்களைப் பார்க்கக் கூடாது. உங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறவனின் முதுகு தெரிய வேண்டும்.

முதல் நாள் பெரும்பாலானவர்களுக்கு இரண்டே நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும். வலிக்கிற இடத்தை மனசு தாண்டிக் குதித்துவிட்டது என்று அர்த்தம். திருநின்றவூர்ப் பூசலார் மனசுக்குள் கோயில் கட்டிய கதையைப் பெரியபுராணத்தில் பாருங்கள். எடுத்த எடுப்பில் குடமுழுக்குக்குப் போகவில்லை அவர். பொருள் தேடி, தச்சரைச் சேர்த்து, அடித்தளம் போட்டு, சுதை பூசி, கிணறும் குளமும் தோண்டி, மதில் எழுப்பிய பிறகுதான் நாள் குறித்தார்.

தாண்டிக் குதிக்கிற இடம் அநேகமாக மூன்றாம் சுற்று. அங்கேதான் நீங்கள் தங்க வேண்டும். விலாவில் பிடிக்கிறது, தொண்டை வறள்கிறது, பின்னால் வந்தவன் முந்துகிறான். அந்த நொடியில் என்ன செய்வீர்கள்? 'தளர மாட்டேன்' என்பது பதில் ஆகாது. அதைக் காலால் செய்து காட்ட முடியாது. 'விலாவில் பிடித்தால் மூச்சை நீளமாக வெளியே விட்டு இருபது காலடி எண்ணுவேன்' என்று சொன்னால் அது பதில். ஒரு தொல்லைக்கு ஒரே செயல், அதுவும் உங்கள் வாய்ப்பேச்சில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலின்போது மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து பார்வை மறைந்தது. இப்படித் தவறிப்போகும் காட்சிகளையும் முன்பே மனசில் ஓட்டிப் பழகியவர் அவர். கைவீச்சை எண்ணியே நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார்.

மறுநாள் காலை அதே செயலை நிஜமான மூன்றாம் சுற்றில் செய்து பாருங்கள். உதவவில்லையா, மாற்றுங்கள். மனசில் ஓடினோமே என்று தரையில் ஓடுவதைக் குறைக்கிறவர்களுக்கு இது ஒன்றும் தராது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். 200 கேள்வி, 3 மணி நேரம். வேலை உத்தரவு கைக்கு வருவதைக் கற்பனை செய்ய வேண்டாம். 25 கணக்குகளில் ஒன்று பிடிபடாமல் நிற்கும் அந்த நிமிடத்துக்குப் போங்கள். அதை விட்டு அடுத்த எண்ணுக்குப் பேனா நகர்வதை, கை நடுங்காமல் நகரும்வரை, திரும்பத் திரும்பப் பாருங்கள்.