பழைய வெல்டிங் மிஷின் வாங்குவோர் கவனிக்க

கேட், கம்பிக்கதவு ரிப்பேருக்கென்று பழைய வெல்டிங் மிஷின் ஒன்றை மலிவாக வாங்கிப்போட விரும்பும் வியாபாரிகள் நம்மில் பலர். விலை பேசுமுன் மிஷின்மேல் உள்ள தகட்டைப் படித்தல் அவசியம்.

பெரும்பாலான கடைவீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். பெரிய பட்டறைகளிலிருந்து கழித்துவிடும் மிஷின்களிலோ பல 400 அல்லது 415 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டவை. தகட்டில் அது ஒன்றே எழுதியிருந்தால் நமது கடையில் அது வெறும் இரும்புப் பாரந்தான். இரண்டும் எழுதியிருந்தால் பாதகமில்லை. ஆனால் உள் இணைப்பு எதற்கு வைக்கப்பட்டுள்ளதென்று வயர்மேன் திறந்து பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

தகட்டில் ‘டியூட்டி சைக்கிள்’ என்றும் ஒரு கணக்குண்டு. 20 சதவீதம் என்றால், குறித்த ஆம்பியரில் 10 நிமிஷத்திற்கு 2 நிமிஷமே பற்றவைக்கலாம். மீதி 8 நிமிஷம் ஆறவிட வேண்டும். விற்பவர் இதைச் சொல்வதில்லை. சொன்னால் விலை இறங்கிவிடுமல்லவா!

அவர் இடத்திலேயே 2.5 மில்லிமீட்டர் கம்பி மாட்டி, சுமார் 80 ஆம்பியரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கருகிய வாசனை வந்தால் திரும்பிவிடுங்கள். சுற்றுக்கம்பி மாற்றும் கூலியில் மலிவெல்லாம் போய்விடும்.

கடையில் வைக்கும்போது சாதாரண 13 ஆம்பியர் பிளக்கை நம்பலாகாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு தனி லைன் இழுக்க வேண்டும். இன்னொன்று: இரும்பைக் கவ்வும் கிளிப்பையும் பட்டறையில் ‘எர்த்’ என்பார்கள். உயிர் காக்கும் எர்த் அதுவன்று. மிஷினின் கூட்டிலிருந்து மின்சார லைனோடு செல்லும் கம்பியே அது. பழைய மிஷின்களில் அறுந்து கிடப்பதும் பெரும்பாலும் அதுதான்.