முன்தீர்ப்பும் நம் வீட்டு வழக்கமும்



உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு. இதுவே முன்தீர்ப்பு. 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், நியாயமான காரணமும் இருதரப்புச் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்று தீர்ப்பானது. குர்ஆன் 4:35 காட்டும் வழியும் சமரசமே. 2017 முத்தலாக் வழக்கிலும் அத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டது.

ஆனால் முன்தீர்ப்பு கண்ணை மூடிப் பின்பற்ற அல்ல. ஒரு பாகப்பிரிவினையில் தாய்வழிச் சகோதரர்களுக்குப் பங்கு தந்த உமர் (ரலி) அவர்கள், உடன்பிறந்தோருக்கு இல்லையென்றார்கள். பின்னர் அதேபோன்ற வழக்கில், ‘எங்களுக்கும் அதே தாய்தானே’ என்ற வாதத்தை ஏற்று அவர்களையும் சேர்த்தார்கள். பழைய தீர்ப்பைக் கலைக்கவுமில்லை.

“அத்தா காலத்து வழக்கம்” என்று மகளின் பங்கை மறுப்போர், 4:11இல் அல்லாஹ் விதித்ததைப் பார்க்கட்டும்.

நீதியோடு நடக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.