பிரேக்பீட் பழக: மெல்ல விழும் அடியிலிருந்து தொடங்குங்கள்

ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ், பிரேக்கோர் என எந்த வகையைக் கேட்டாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் பழைய ஃபங்க், சோல் ரெக்கார்டுகளில் ஒரு ட்ரம்மர் சில விநாடிகள் தனியாக வாசித்ததுதான். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, ட்ரம்ஸ் மட்டும் பேசும் அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். நியூயார்க்கின் பிராங்ஸில் 1973 வாக்கில் டிஜே கூல் ஹெர்க் ஒரே பாட்டின் இரண்டு ரெக்கார்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை நீட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பையன்கள் அதையே சாம்ப்ளரில் ஏற்றி, துண்டு துண்டாக நறுக்கி, வேகத்தை 160 பிபிஎம்முக்கு (நிமிடத்துக்கு 160 அடி) மேல் தூக்கினார்கள்.

ரிதம் புரோகிராமராக வேலை தேடுகிறவருக்கு இது எதற்கு? நாலு கிக் வரிசையாக வைக்க யாரும் ஆள் தேடுவதில்லை. அதற்கு ரெடிமேட் லூப் கொட்டிக் கிடக்கிறது. துரத்தல் காட்சி, கேம், கார் விளம்பரம் என்று வரும்போதுதான் ‘லூப் மாதிரி இருக்கக் கூடாது, ஆள் வாசித்த மாதிரி இருக்கணும்’ என்பார்கள். அந்த ‘ஆள் வாசித்த மாதிரி’யைக் கற்றுக்கொடுக்க பிரேக்பீட்டை விட நல்ல பாடம் இல்லை.

பாடப் புத்தகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ‘ஆமென் பிரேக்’. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்தது. நாலு பார், சுமார் ஏழு விநாடி, வேகம் ஏறக்குறைய 137 பிபிஎம். அதை லூப்பாகப் போட்டு ரசிப்பதோடு நிறுத்தாமல், காதால் கேட்டு நீங்களே கட்டங்களில் எழுதுங்கள்.

ஒரு பாருக்குப் பதினாறு கட்டம். தகதிமி நான்கு முறை சொன்னால் கணக்கு சரி. முதல் பாரில் கிக் 1, 3, 11, 12ஆம் கட்டங்களில். ஓங்கி விழும் ஸ்நேர் 5, 13இல். தொட்டும் தொடாமலும் விழும் ஸ்நேர் 8, 10, 16இல். ரைடு சிம்பல் ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். இரண்டாம் பாரும் அதேதான். மூன்றாவதில் விளையாட்டு ஆரம்பம்: 13இல் காது எதிர்பார்க்கும் ஸ்நேர் 15க்குத் தள்ளிப்போகிறது. நான்காவது பார் முதல் கட்டத்தில் கிக்கே இல்லாமல் தொடங்கி, 11இல் கிராஷ் விழுகிறது. இரண்டு பார் பழக்கிவிட்டு அடுத்த இரண்டு பாரில் காலை வாரும் இந்த உத்தியைக் கையில் பிடித்துக்கொண்டால், சொந்தமாக எத்தனையோ பேட்டர்ன் போடலாம்.

இப்போது எல்லா அடிக்கும் வெலாசிட்டி (அடியின் பலம்) 100 வைத்து ஓட்டிப் பாருங்கள். அடி எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கும். கேட்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். 5, 13ஆம் ஸ்நேரை 115க்கு ஏற்றி, 8, 10, 16ஐ 35க்கும் 50க்கும் நடுவில் இறக்குங்கள். மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டாம். உடனே பேட்டர்ன் நடக்க ஆரம்பிக்கும். இந்தச் சின்ன அடிகளைத்தான் கோஸ்ட் நோட் என்கிறார்கள். பிரேக்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிக்கில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். ஸ்நேரை மெல்லத் தட்டினால் சத்தம் குறைவதோடு அதன் கூர்மையும் மங்கும். ஓங்கி அடித்த சாம்பிளின் வால்யூமை மட்டும் குறைத்தால் அது ‘தூரத்தில் ஓங்கி அடித்த ஸ்நேர்’ ஆகத்தான் கேட்கும். கோஸ்ட் நோட்டுக்குத் தனி சாம்பிள் வையுங்கள். இல்லையென்றால் வெலாசிட்டி குறையக் குறைய ஃபில்டர் மூடுகிற மாதிரி இணையுங்கள். ஐந்து நிமிட வேலை. வித்தியாசம் எங்கேயோ போய்விடும்.

அடுத்தது நேரம். 137 வேகத்தில் ஒரு கட்டத்தின் நீளம் சுமார் 109 மில்லிவிநாடி, 170இல் 88தான். கோஸ்ட் நோட்டைப் பத்து மில்லிவிநாடி பின்னால் இழுப்பது அங்கே பெரிய விஷயம். அடிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் குவான்டைஸ் பொத்தானை நூறு சதவீதத்துக்கு அழுத்துகிற பழக்கத்தை விடுங்கள். ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த அகாய் எம்பிசி60 மெஷினின் ஸ்விங் அளவு 50இலிருந்து 75 வரை போகும். 50 என்றால் நேர்க்கோடு, 66 வந்தால் மூன்றாகப் பிரிகிற நடை. இன்றைய மென்பொருள்கள் பலவற்றிலும் இதே மாதிரி அளவு உண்டு. 54, 55லேயே போதுமான ஆட்டம் வந்துவிடும். கிக்கும் ஓங்கிய ஸ்நேரும் கட்டத்திலேயே நிற்கட்டும், மற்றவை நகரட்டும்.

எழுதிப் பழகிய பிறகு நறுக்கலுக்கு வாருங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் ஸ்லைசெக்ஸ், ஏபில்டன் லைவில் சிம்ப்ளர் என்று இதற்கான கருவி மென்பொருளோடே வருகிறது. 137இல் உள்ள பிரேக்கை 170க்குக் கொண்டுபோக இரண்டு வழி. சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் சுருக்கலாம், அல்லது ரெக்கார்டை வேகமாகச் சுற்றுவது போலச் சுருதியோடு சேர்த்து ஏற்றலாம். இரண்டாவது வழியில் சுருதி ஏறக்குறைய நான்கு செமிடோன் ஏறும். பழைய ஜங்கிள் ட்ராக்குகளின் அந்தச் சுள்ளென்ற ஸ்நேர் அப்படி வந்ததுதான். என் ஓட்டு அதற்கே.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ரைடு சிம்பலின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டு ஒலிக்கும்போது முந்தைய துண்டு நின்றுவிட வேண்டும். சோக் குரூப்பில் போட்டால் அது தானாக நடக்கும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ கேட்டால் இரண்டு மூன்று மில்லிவிநாடி ஃபேட் கொடுங்கள். பிரேக்கின் கீழ்ப்பகுதியைச் சுமார் நூறு ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிட்டு, அடியில் சுத்தமான ஒரு கிக் வையுங்கள். வைத்த பிறகு கனம் கூடாமல் குறைந்தால், இரண்டு கிக்கும் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள்.

காதுக்குத் தீனியாக கோல்டியின் ‘டைம்லெஸ்’ (1995), ரோனி சைஸின் ரெப்ரசென்ட் குழுவுக்கு மெர்க்குரி பரிசு வாங்கிக்கொடுத்த ‘நியூ ஃபார்ம்ஸ்’ (1997). எட்டு பாரை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கே அடி விழவில்லை என்று குறித்துக் கேளுங்கள்.

உரிமை விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்ட அந்த ஏழு விநாடிக்காக கோல்மனுக்கு ராயல்டி என்று எதுவும் வரவில்லை. 2006இல் வீடுகூட இல்லாத நிலையில் அட்லாண்டாவில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். சுமார் 24,000 பவுண்டு சேர்ந்தது. பழகுவதற்கு எதை வேண்டுமானாலும் நறுக்குங்கள். காசு வாங்கும் வேலையில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு பழைய பாட்டின் துண்டைப் பயன்படுத்த, ஒலிப்பதிவின் உரிமையாளர், இசையமைப்பின் உரிமையாளர் என இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். சாம்பிள் பேக் வாங்கினாலும் அதன் உரிமத்தில் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் இடம் உண்டா என்று வாசித்துவிடுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. தெரிந்த ட்ரம்மரை அழைத்து, சின்ன ஸ்டூடியோவில் இரண்டு மணி நேரம் பதிவு செய்யுங்கள். 130, 140 வேகங்களில் வாசிக்கச் சொல்லுங்கள். நேராக 170இல் கேட்காதீர்கள், கை இறுகிவிடும், கோஸ்ட் நோட் காணாமல் போகும். பேசிய தொகையைக் கையோடு கொடுத்து, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களிடம் மட்டுமே இருக்கும் பிரேக் கிடைக்கிறதே, அதை வைத்துத்தான் அடுத்த வேலையே வரும்.

வேலை கேட்டுப் போகும்போது இருபது ட்ராக் அனுப்பாதீர்கள். தலா முப்பது விநாடியில் மூன்று போதும்: ஒன்று வேகமாக, ஒன்று நிதானமாக, ஒன்று வசனத்துக்கு அடியில் அடங்கி ஓடுவதாக. மூன்றாவதுதான் சினிமாவில் சோறு போடும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

வேலை கிடைத்தால் ஃபைலை ஒப்படைக்கும் விதத்திலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்கள். கிக், ஸ்நேர், பிரேக், சிம்பல் என்று தனித்தனி ஸ்டெம். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். படத்துக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஃபைல் பெயரிலேயே பிபிஎம் இருக்கட்டும். ஃபில் இல்லாத பிரதி ஒன்றையும் கேட்காமலே சேர்த்து அனுப்புங்கள். எடிட்டர் காட்சியைச் சுருக்கும்போது அதைத்தான் தேடுவார். இலவசத் திருத்தம் எத்தனை, முன்பணம் எவ்வளவு, டைட்டிலில் ‘ரிதம் புரோகிராமிங்’ என்று பெயர் வருமா என்பதை முதல் ஸ்டெம் அனுப்பும் முன்பே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.