அடுப்பைக் கொடுக்குமுன் அடுப்படியைக் கேளுங்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவுவோர் அரிசி, பருப்பு, கூரைத் தகரம் என்பவற்றை எண்ணியும் நிறுத்தும் கொடுக்கின்றனர். அந்த அரிசியைச் சோறாக்கும் வேலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவ்வேலையை இலகுவாகவும் மனதிற்கு இனியதாகவும் ஆக்குவது எப்படி என்பதே இப்பாடம்.

1990 இல் தெல்லிப்பழையிலிருந்தும் வலிகாமம் வடக்கின் ஏனைய ஊர்களிலிருந்தும் வெளியேறிய விவசாயக் குடும்பங்கள், தம் வளவிலே பொறுக்கிய பனைமட்டை, ஊமல், பொச்சு, சிரட்டை ஆகியவற்றை எரித்தே சமைத்து வந்தன. பிறர் காணியில் குடியேறியபின் விறகுக்கும் காசு தேவைப்பட்டது. 2022 இல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. பலர் மீண்டும் விறகடுப்பை நாடினர். விறகுப் புகையோ சிறிய தீங்கல்ல. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020 இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இரண்டு அனுபவங்கள்

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்புகள் வழங்கப்பட்டன. சுமார் 2,600 குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2016 இல் வெளியானது. முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்த நன்மை மறைந்தது. அடுப்புகள் ஒழுங்காகப் பாவிக்கப்படவில்லை, பழுது பார்க்கப்படவுமில்லை. விறகுச் செலவும் குறையவில்லை.

நமது நாட்டில் சர்வோதயம் முன்னர் பரப்பிய அடுப்பு, பகுதிகளைப் பொருத்தி மண் பூசி ஓரிடத்தில் நிலையாக அமைக்க வேண்டியதாக இருந்தது. வாடகைக்கும் ஒதுக்கிடத்திலும் வாழ்வோருக்கு இது வசதிப்படவில்லை. இலங்கை மின்சார சபையும் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் 1986 அளவில் ‘அனகி’ அடுப்பை உருவாக்கின. இது ஒரே துண்டாகச் சுட்ட களிமண் அடுப்பு. இரண்டு வாய்கள் கொண்டது; முதல் வாயில் மிஞ்சும் வெப்பம் இரண்டாவது சட்டியைச் சூடாக்கும். வாங்கிய அன்றே பாவிக்கலாம்; வீடு மாறும்போது தூக்கிச் செல்லலாம். குயவர்கள் செய்து சந்தையில் விற்றதால் அது ஊரூராகப் பரவியது.

நாமே ஆராயும் முறை

முதலில் பாருங்கள். ஒரு வீட்டில், அனுமதி பெற்று, சமையல் தொடங்கி முடியும்வரை இருங்கள். விறகை முன்னும் பின்னும் நிறுங்கள். தண்ணீருக்கு எத்தனை தடவை நடந்தார், எத்தனை தடவை ஊதுகுழலை எடுத்தார், குழந்தை எங்கே இருந்தது என்பவற்றைக் குறியுங்கள்.

அடுத்துக் கேளுங்கள். “இந்த அடுப்பு நல்லதா?” என்று கேட்டால், வந்தவர் மனம் நோகாதிருக்க “நல்லது” என்றே சொல்வார்கள். “நேற்று இரவு என்ன சமைத்தீர்கள் அம்மா? எதிலே அதிக நேரம் போனது? எந்த வேலையை இன்னொருவர் செய்தால் ஆறுதலாயிருக்கும்?” என்று கேளுங்கள். புட்டு அவிக்க உயரமான பானையும் நல்ல எரிவும் வேண்டும். கூழ்ப் பானையைத் துழாவும்போது அடுப்பு ஆடக்கூடாது. நீண்ட பனைமட்டைக்கு அகன்ற வாய் வேண்டும். அடுப்புக்கு மேலே விதையும் மிளகாயும் காயவைக்கும் வீட்டில், புகை முழுவதையும் வெளியேற்றினால் வேறு வழி தேடித்தர வேண்டும். வயோதிபத் தாய் இருந்து சமைக்க விரும்புவார். மகள் நின்று சமைக்க விரும்புவாள். இருவரிடமும் கேளுங்கள். வெளிச்சம், காற்று, பேச்சுத்துணை என்பனவும் தேவைகளே.

பின்னர் பரீட்சியுங்கள். இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் புதிய அடுப்பை ஒரு மாதம் வையுங்கள். அதே உணவைச் சமைத்து விறகை மீண்டும் நிறுங்கள். மாரிகாலத்தில் ஈர விறகுடனும் பாருங்கள். மூன்று மாதத்தின்பின் மறுபடி செல்லுங்கள். அடுப்பு மூலையில் கிடந்தால் அந்தப் பெண்ணைக் குறைகூறாதீர்கள். காரணத்தை அவரிடமே கேட்டு அடுப்பைத் திருத்துங்கள்.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், பார்வையற்ற பர்த்திமேயுவிடம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என இயேசு கேட்கிறார். அவன் குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அவன் வாயாலேயே சொல்ல இடமளித்தார். வீடு, கிணறு, அடுப்பு எதைக் கொடுக்கும் முன்னரும் நாம் பின்பற்றத்தக்க வழி இது.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அடுப்படியில் கழிகிறது? அது யாருடைய நேரம்?
2. உங்களுக்குத் தரப்பட்ட பொருட்களுள் பாவிக்காமல் கிடப்பது எது? ஏன்?
3. ஆண்களும் பிள்ளைகளும் இவ்வாரமே ஏற்கக்கூடிய சமையல் வேலைகள் எவை?