உடலுக்குள் ஒரு தூது

நுழையும்முன்

அன்னமும் கிளியும் மேகமும் தூது சென்றதாகப் பாடுவது தமிழ் மரபு. மனித உடலின் செல்களும் ஒன்றற்கொன்று தூது அனுப்புகின்றன. அத்தூது பிழைபடும்போது தோன்றும் நோய் ஒன்றைப் பற்றியது இப்பாடம்.

விலகாத விறைப்பு

சேலத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவம் பனிக்காலம். ஒரே கொத்தில் பச்சைக் காயும் செம்பழமும் கலந்திருக்கும். காயை விடுத்துப் பழத்தை மட்டும் விரல் நுனியால் திருகி எடுத்தல் வேண்டும். அத்தொழிலுக்கு விரல்களே கருவி. அவ்விரல்கள் ஒரு காலையில் மடங்க மறுத்தால், மலைக்குளிரின் வேலை என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டு புறப்படுவது எளிது.

குளிரால் வந்த விறைப்பு, கைகளைச் சற்று அசைத்தால் விலகிவிடும். ஒரு மணி நேரம் கடந்தும் விலகாமல், இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கி, அது வாரக்கணக்கில் தொடருமானால் முடக்குவாத மூட்டழற்சி என்று ஐயுற வேண்டும். முதுமைத் தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேறு, இது வேறு. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரையே இந்நோய் பற்றுகிறது. எனினும் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. வேலியில் படரும் ஒரு கொடிக்கு ‘முடக்கறுத்தான்’ என்று பெயரிட்ட மக்கள் மூட்டு முடக்கத்தின் கொடுமையை நன்கறிந்தவர்களே. அக்கீரையைத் தோசையிலும் இரசத்திலும் சேர்த்து உண்பது இன்றும் உண்டு. ஆயினும் அது மருத்துவத்திற்கு மாற்றாகாது.

தூது பிறழ்தல்

கிருமி நுழைந்தால் அதைக் கண்ட செல், பிற செல்களை அழைக்கச் சிறு புரதங்களைச் சுரக்கிறது. இவையே சைட்டோகைன்கள். பகை ஒழிந்ததும் அழைப்பு நிற்பதே இயற்கை. முடக்குவாத மூட்டழற்சியிலோ பகையே இல்லாதபோதும் அழைப்பு ஓய்வதில்லை. தடைக்காப்பு மண்டலம் தன் உடலையே அயலாகக் கருதிவிடுகிறது.

மூட்டின் உட்புறச் சவ்வில் குவியும் செல்கள் டி.என்.எஃப். என்னும் கட்டிச் சிதைவுக் காரணியையும் இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-6 ஆகியவற்றையும் சுரக்கின்றன. மெல்லிய சவ்வு தடித்துக் குருத்தெலும்பின்மேல் படர்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. இன்டர்லியூகின்-6 குருதிவழியே கல்லீரலையும் எட்டுகிறது. சோர்வும் குருதிச்சோகையும் மூட்டுவலியோடு சேர்ந்து வருவதில் அதற்குப் பங்குண்டு. நோயாளியின் அயர்வைச் சோம்பல் என்று பழிப்பவர் இதனை அறியார்.

அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவத்தைப் பெறுவது அரிது. தைலத்தோடு கழியும் மாதங்களின் இழப்பு இதுவே.

ஒன்றைத் தடுத்தால்

தூதர் பலராயிருக்க, ஒருவரை மட்டும் தடுத்துப் பயன் என்ன? 1980-களில் அறிஞர் பலர் எழுப்பிய இவ்வினா நியாயமானதே. இலண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் இதற்கு விடை தேடினர். ஃபியோனுலா பிரென்னன் உள்ளிட்ட அவர்தம் குழுவினர், நோயுற்ற மூட்டுச் சவ்வின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்தனர். இன்டர்லியூகின்-1 சுரப்பும் குறைந்தது. 1989-இல் வெளியான இம்முடிவு, தூதரிடையே வரிசை உண்டென்பதைக் காட்டியது. முதல்வனை நிறுத்தினால் பின்வருவோரும் தளர்வர். 1992-இல் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. வீக்கமும் வலியும் விரைவில் தணிந்தன.

இம்மருந்துக்கு ஒரு விலையும் உண்டு. பணத்தை மட்டும் குறித்ததன்று அது. காசநோய்க் கிருமியை உடலுக்குள் சிறைப்படுத்தி வைப்பதும் இதே டி.என்.எஃப்.தான். அதனைத் தடுத்தால் உறங்கும் காசநோய் விழித்தெழலாம். எனவே காசநோய்ச் சோதனை செய்த பின்னரே இம்மருந்து தொடங்கப்படுகிறது.

சென்னையில் பயின்றவர்

எனினும் பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் தரப்படுவது விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே. அதன் வரலாறு சென்னையைத் தொட்டுச் செல்கிறது. ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1923-இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அதன் செயலைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கினர். புற்றுநோயை எதிர்க்கப் பிறந்த அம்மருந்து, மிகக் குறைந்த அளவில் மூட்டழற்சியையும் தணிப்பது பிறகு தெளிவாயிற்று. 1948-இல் சுப்பாராவ் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்தே முடக்குவாத மூட்டழற்சிக்கு அமெரிக்க அரசு அதனை ஏற்றது.

இம்மாத்திரை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உண்ணத்தக்கது. மறந்து நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. அதன் பக்க விளைவுகளைக் குறைக்க, மருத்துவர் வேறொரு நாளில் உண்ணும்படி இன்னொரு மாத்திரையும் எழுதித் தருவார். அது, சுப்பாராவின் குழு செய்தளித்த அதே ஃபோலிக் அமிலம்.