காளானில் கண்ட நொதி

நுழையும்முன்

அறிவியல் உண்மை ஆய்வுக்கூடத்தில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. அடுப்படியில் நேர்ந்த ஒரு பிழையும் அதற்கு வித்தாகலாம். 'ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?' என்று கேட்பதும், கிடைத்த விடையை ஐயுற்றுச் சோதிப்பதுமே அறிவியல் நெறி. அந்நெறியை ஓர் உணவுக்காளானின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

சமையலறைப் புதிர்

முட்டையைச் சாற்றுடன் அடித்துக் கலந்து, கிண்ணங்களில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து உண்பது ஜப்பானியர் வழக்கம். சவான்முஷி எனப்படும் அவ்வுணவு, வெந்ததும் தயிர்போல் உறைந்து நிற்கும். மைத்தாகே என்னும் காளானைப் பச்சையாக அதில் இட்டால் அது உறைவதில்லை. அக்காளானையே கொதிநீரில் வேகவைத்தபின் இட்டால் நன்கு உறைகிறது. பச்சைக் காளானில் இருந்த எது, வெந்த காளானில் இல்லாமற்போயிற்று?

செரித்தபின் உண்ணும் உயிர்

காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அதன் நுண்ணிழைகள் நொதிகளைச் சுரந்து, உணவை உடலுக்கு வெளியிலேயே சிதைத்து, கரைந்ததை உறிஞ்சுகின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம். காளான் செரித்தபின் உண்கிறது. அந்நொதிகளுள் சில, நம் இரைப்பையில் உள்ள பெப்சினைப்போலப் புரதத்தைத் துண்டாக்குபவை. சவான்முஷி மெல்லச் சூடேறும்போதே அவை முட்டைப் புரதத்தை வெட்டிவிடுகின்றன. துண்டுபட்ட புரதம் வலைபோலப் பின்னி உறைய இயலாது.

இஃது ஊகமே. ஊகம் உண்மையாக வேண்டுமெனில், நொதியைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

பிரித்தெடுக்கும் முறை

காளானைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றினால் சக்கை அடியில் படியும். தெளிந்த சாறு மேலே நிற்கும். நொதி கெடாதிருக்க, எல்லாப் பணிகளும் ஏறத்தாழ 4° செல்சியஸ் வெப்பநிலையில் நடைபெறும். சாற்றில் அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்க, புரதங்கள் ஒவ்வொரு செறிவில் ஒவ்வொன்றாக வீழ்படியும். வீழ்படிவைக் கரைத்து, நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டுத் தாங்கல் கரைசலில் ஊறவிட்டால் உப்பு வெளியேறும், புரதம் தங்கும். பின்னர், மின்சுமையால் புரதங்களைப் பிரிக்கும் பிசின் நிரம்பிய குழாயின் வழியே அதனைச் செலுத்தி, வெளிவரும் நீரைச் சிறு சிறு பகுதிகளாகச் சேகரிப்பர்.

இழப்பும் பேறும்

ஒவ்வொரு படியிலும் நொதியின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. ஆயினும் தூய்மை கூடுகிறது. தொடக்கச் சாற்றில் 1000 மில்லிகிராம் புரதமும் 2000 அலகு செயல்திறனும் இருந்தன எனக் கொள்வோம். ஒரு மில்லிகிராமுக்கு 2 அலகு. இறுதியில் 10 மில்லிகிராம் புரதமும் 600 அலகும் எஞ்சினால், ஒரு மில்லிகிராமுக்கு 60 அலகு. கிடைத்தது 30 விழுக்காடே. தூய்மையோ 30 மடங்கு.

வெந்த சாறு தரும் சான்று

எஞ்சிய புரதமே நொதி என்பதற்குச் சான்று யாது? பால்புரதமான கேசினை அதனுடன் கலந்து, 37° செல்சியஸில் வைத்து, எவ்வளவு சிதைந்தது என அளப்பர். அருகில் மற்றொரு குழாயில், கொதிக்கவைத்த நொதியைக் கலந்து வைப்பர். அதில் கேசின் சிதையாதிருக்க வேண்டும். இஃது ஒப்பீட்டுச் சோதனை. இதனைச் செய்யாத ஆய்வாளர், தானாகச் சிதைந்த கேசினையும் நொதியின் செயலென்று எண்ணிவிடக்கூடும். காளானை முதலில் வேகவைத்த சமையற்காரரும், தாம் அறியாமலே இச்சோதனையைச் செய்தவரே!

மைத்தாகேயிலிருந்து இவ்வாறு தூய்மைப்படுத்தப்பட்ட ஒரு நொதி, துத்தநாகத்தைக் கொண்டது. புரதச் சங்கிலியில் லைசின் என்னும் அமினோ அமிலத்திற்கு முன்னுள்ள பிணைப்பைத் தேர்ந்து வெட்டுவது. உணவைக் கெடுத்ததாகக் கருதப்படும் காளான், இன்று புரத ஆய்வாளருக்குக் கருவி தந்துள்ளது. பிழையைக் கண்டு காளானைத் தூர எறிந்திருந்தால் இப்பேறு வாய்த்திராது.

தெரியுமா?

நொதி என்பது புரதமா என்பதே ஒருகாலத்தில் பெரும் வழக்காக இருந்தது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர், ஒன்பது ஆண்டு உழைப்பிற்குப்பின் 1926இல் ஜாக் அவரையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்றார். ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியலாளர் வில்ஸ்டேட்டர் அதனை ஏற்கவில்லை. 1930இல் ஜான் நார்த்ரப் பெப்சினைப் படிகமாக்கியதும் சம்னரின் கூற்று வலுப்பெற்றது. 1946இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

கற்பவை கற்றபின்

1. இறைச்சி விரைந்து வேகப் பப்பாளிக்காய்த் துண்டை இடுவர். இதன் காரணத்தை மெய்ப்பிக்க, ஒப்பீட்டுச் சோதனையுடன் கூடிய ஓர் ஆய்வைத் திட்டமிட்டு எழுதுக.
2. 'இழப்பும் பேறும்' என்னும் தலைப்பு இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது? வகுப்பறையில் கலந்துரையாடுக.